இவனுக்கு இனிமேல்தான்

எங்கள் ஊரில் சோப்பு செய்வதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகிறது. சோப்பு விளம்பரம் செய்வதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் மழை அதிகம் பெய்கிற பக்கத்தில் இருக்கிறது ஸ்டோன்பெக். எல்லாப் பக்கமும் மழை அதிகம் பெய்கிற பக்கம்தான். விம்பெர்லி சோப்புத் தொழிற்சாலையை மூடியபோது இயந்திரங்களை யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரைத் தகரத்தைப் பக்கத்து ஊர்ப் பன்றிப் பண்ணைக்காரர் வாங்கினார். புகைபோக்கியை யாரும் கேட்கவில்லை. அதனால் அது பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. சின்னம் ஒன்று இருந்தால் அதைப் பாதுகாக்க ஆட்கள் வேண்டுமே. வந்துவிட்டது விம்பெர்லி பாரம்பரிய அறக்கட்டளை.

அறக்கட்டளைக்காரர்கள் நிலவறையைக் குடைந்து பழைய விளம்பரப் படங்களை வெளியே எடுத்தார்கள். கொழுகொழு குழந்தைகள், குமிழி ஊதும் பூனைகள், வெளுத்த துணியைப் பார்த்து மூர்ச்சை போடுகிற எஜமானி அம்மாக்கள். முதலில் பாத்திரம் துடைக்கும் துணியில் அச்சடித்தார்கள். அது விற்றது. பிறகு டீ தட்டு, கோப்பை, பிஸ்கட் டப்பா, அடுப்புக் கையுறை, இஸ்திரி மேசை உறை, குளியலறைத் திரை, கடைசியில் கழிப்பறை இருக்கையின் மூடி. அந்த மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு பாதிரியார் சோப்புக் கட்டியை உயர்த்திப் பிடித்து நம்மை ஆசீர்வதிப்பார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்கு வரிசை நிற்கும்.

கடையில் கிடைக்காத ஒரே பொருள் விம்பெர்லி சோப்பு. அதை எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அறக்கட்டளையின் கழிப்பறையில் கை கழுவ வைத்திருப்பது சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பச்சைத் திரவம். அந்தப் புட்டியின் மேல் விம்பெர்லி விளம்பரம் ஒட்டியிருக்கும்.

தொழிலாளர் குடியிருப்பு வீடுகளும், உள்ளே குடியிருந்தவர்களோடு சேர்த்து, அறக்கட்டளையின் கைக்குப் போயின. கதவுக்கு விம்பெர்லிப் பச்சைதான் அடிக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும். ஜன்னல் திரை காலத்துக்குப் பொருந்த வேண்டும். எந்தக் காலத்துக்கு என்று கேட்ட ஒரு வீட்டுக்காரருக்குப் பதில் வருவதற்குள் அவர் வீடு மாறிப் போய்விட்டார்.

அப்படிப்பட்ட வீடொன்றில் பெரில் ஹாவர்த் தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறி ஓய்வு பெற்றவர். உருளைக்கிழங்கு மசியலை அகப்பையால் தட்டில் அடிக்கிற சத்தத்திலேயே பிள்ளைகளை வரிசையில் நிற்கவைப்பார் என்று அவரிடம் சாப்பிட்ட எல்லோரும் சொல்வோம்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்க அறக்கட்டளைக் கடைக்குள் போனவர், புதிதாக வந்திறங்கிய டீ தட்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். கடையில் இருந்தவள் சாண்ட்ரா, அவருடைய அடுத்த வீட்டுக்காரி.

"என்ன பெரில், வாங்கறியா? இன்னிக்குத்தான் வந்துச்சு."

"சாண்ட்ரா, இது நான்."

"எது கண்ணு?"

"இந்தப் பொண்ணு. நான்தான் இது. காதைப் பாரு."

தட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, வெள்ளைக் கவுனும் நீல ரிப்பனுமாக நின்றது. ரிப்பனுக்குள் அடங்காமல் இடது காது வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கீழே வளைந்த எழுத்தில்: இவளுக்கு விம்பெர்லி ஆயிற்று.

சாண்ட்ரா தட்டைப் பார்த்தாள். பெரிலின் காதைப் பார்த்தாள். "அட, ஆமா!" என்றாள். "ஏன் பெரில், இத்தன நாளா ராணி மாதிரி ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்க!"

பெரில் சிரிக்கவில்லை. தட்டின் விளிம்பில், குழந்தையின் தோள் மேல் இருந்த நாலு பழுப்புக் கோடுகளை விரலால் தொட்டார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"கவுன்ல சுருக்கம்னு நெனச்சேன்."

"சுருக்கம் இல்ல. எங்க அண்ணன் கீத். அவனை வெட்டிட்டு விரலை விட்டுட்டாங்க."

விஷயம் இதுதான். பெரிலின் அம்மா சோப்புக்குக் காகிதம் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். ஐம்பத்தொன்றாம் வருஷம் கம்பெனி ஓர் ஓவியரைக் கூட்டிவந்து, தொழிலாளர் பிள்ளைகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பொறுக்கியது. சுத்தமான குழந்தைக்குப் பெரில். அழுக்குக் குழந்தைக்கு ஏழு வயது கீத். குழம்புக்கு நிறம் கொடுக்கிற பழுப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து அவன் மேல் பூசினார்கள். கீத் அதை நக்கிக்கொண்டே நின்றான். ஓவியர் திட்டினார், கெஞ்சினார், மிட்டாய் தருவதாகச் சொன்னார். கீத்துக்குக் குழம்புப்பொடிதான் பிடித்திருந்தது. கடைசியில் ஓவியர் சலித்துப்போய், நாக்கு வெளியே நீண்டபடியே வரைந்துவிட்டார். படத்தின் கீழே இரண்டு வரி: இவளுக்கு விம்பெர்லி ஆயிற்று. இவனுக்கு இனிமேல்தான்.

சுவரொட்டி அச்சாகி வந்த குளிர்காலத்தில், தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குளத்தில் கீத் மூழ்கிப்போனான். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், பனியிலும் உறையாது. பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் விளையாடுவார்கள். வேலி கிடையாது. சிறுவன் அத்துமீறி நுழைந்தான் என்றது கம்பெனி. 'இவனுக்கு இனிமேல்தான்' என்ற வரி சுவரில் இருப்பது அழகல்ல என்று யாருக்கோ தோன்றி, சுவரொட்டிகளை எல்லாம் திரும்ப வாங்கி எரித்தார்கள். அம்மாவுக்கு ஆறுதலாக ஒரு பெட்டி சோப்பு அனுப்பினார்கள். அம்மா அதைக் கரிக்கொட்டகையில் போட்டுவிட்டார். எலிகள் தின்றன.

வீட்டில் கேமரா இல்லை. பள்ளியில் படம் எடுத்த அன்று கீத்துக்குப் பொன்னுக்குவீங்கி. ஆகவே அவன் முகம் எங்கேயும் இல்லை. வருஷங்கள் போகப் போக பெரிலுக்கும் மறந்துவிட்டது. நாக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

அந்த ஓவியத்தின் அசல் எரியாமல் நிலவறையில் கிடந்திருக்கிறது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அறக்கட்டளை இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் டாக்டர் ஜூலியன் ஆஷ்கிராஃப்ட். உயரமானவர், மென்மையாகப் பேசுவார், எதிரில் இருப்பவரின் பெயரை அடிக்கடி சொல்வார். பக்கத்தில் பிலிப்பா என்று ஒருவர் இருந்தார். 'அடையாளக் காப்பாளர்' என்பது அவருடைய பதவி. எதன் அடையாளம், யாரிடமிருந்து காப்பு என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

"மிஸஸ் ஹாவர்த், மொதல்ல உங்க ஆர்வத்துக்கு எங்க மனமார்ந்த நன்றி" என்றார் இயக்குநர்.

"ஆர்வம் இல்லீங்க. அது நான்."

பிலிப்பா கண் கலங்கினார். "வர்றவங்க எல்லாரும் அப்படி உணரணும்னுதான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம்."

"உணரலம்மா. நிஜமாவே நான்தான்."

"ஒரு சின்னச் சிக்கல், மிஸஸ் ஹாவர்த்" என்றார் இயக்குநர். "அந்தப் படம் ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு. தட்டுக்குப் பின்னாடியே போட்டிருக்கு."

"வரைஞ்சது அம்பத்தொண்ணுல. வரையறப்போ நான் அங்க நின்னுட்டு இருந்தேன்."

"நின்னிருக்கலாம். மறுக்கல. ஆனா ஆண்டுங்கறது என்ன, மிஸஸ் ஹாவர்த்? அது ஒரு உணர்வு. நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டோம். அம்பத்தொண்ணுன்னா ஜனங்களுக்கு ரேஷன் ஞாபகம் வருது, ஈரச்சுவர், அவிச்ச முட்டைக்கோஸ். அதை யாரும் தட்டுல வச்சு டீ கொண்டுபோக மாட்டாங்க. தொண்ணூத்தி மூணுன்னா லேஸ், ரோஜாத் தோட்டம். அதனால அந்தப் படம் எந்த வருஷத்துல இருக்க விரும்புதோ அந்த வருஷத்துல நாங்க அதை வச்சிருக்கோம்."

"அது பொய்யில்லையா?"

"பொய் இல்ல, பழமை. பழமையை நாங்க ரொம்ப கவனமா தயாரிக்கிறோம். அந்தத் தட்டுல மெல்லிசா விரிசல் தெரியுது பாருங்க, அதுக்குன்னே லண்டன்ல ஒருத்தர் இருக்கார்."

பெரில் கைப்பையை மடியில் நேராக்கினார். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. காசு வேணாம், பேரு வேணாம். பெரிய படத்தை ஒரே ஒரு தடவ பாக்கணும். அதுல எங்க அண்ணன் இருக்கான்."

இயக்குநர் வருத்தமாகத் தலையசைத்தார். "அசல் வெளிச்சம் தாங்காது. மூச்சுக்காத்துகூட அதுக்கு ஆகாது."

"மூச்சை அடக்கிக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் பிலிப்பா.

பத்து நாள் கழித்து பிலிப்பாவே பெரில் வீட்டுக்கு வந்தார். கையில் ரிப்பன் கட்டிய ஒரு புதுத் தட்டு.

"உங்க கருத்தை நாங்க எவ்வளவு மதிக்கிறோம்னு பாருங்க! நீங்க சொன்னதுக்கப்புறம்தான் எங்களுக்கே கண்ணுல பட்டுச்சு. தோள்ல ஏதோ கறை மாதிரி இருந்துச்சே, அதை எடுத்தாச்சு. இப்பப் பாருங்க, எவ்வளவு சுத்தம்!"

பெரில் பார்த்தார். நாலு விரலும் இல்லை. குழந்தையின் தோள் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் சாண்ட்ராவிடம் அவர் சொன்னார்: "போய்க் கேட்டிருக்கவே கூடாது, சாண்ட்ரா. விரலாவது இருந்துச்சு."

சாண்ட்ராவுக்கு வந்த கோபத்தில், வட்டாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிற தன் மச்சானுக்குப் போன் போட்டாள். 'தட்டில் இருப்பது நான்தான்' என்று நாலாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அறக்கட்டளை கலங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆளிடமிருந்து ஒரு பிம்பத்தை எப்படிக் காப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. லண்டனிலிருந்து முகவியல் நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள்.

நிபுணர் பெரிலை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்துக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்து, முன்னும் பின்னும் நடந்தார்.

"கொஞ்சம் அஞ்சு வயசு மாதிரி சிரிங்க பாப்போம்."

பெரில் சிரித்தார்.

"அது இல்ல. இன்னும் கவலை இல்லாம."

மத்தியானம் வரை அளந்துவிட்டு நிபுணர் முடிவு சொன்னார்: மூக்கு நீண்டிருக்கிறது. கன்னம் தொங்கியிருக்கிறது. காது மட்டும் ஒத்துப்போகிறது, ஆனால் காதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே மிஸஸ் ஹாவர்த் படத்தில் இருப்பவர் அல்ல. படத்தின் மனநிலைக்கு ஏற்றவர்.

இந்தத் தீர்ப்பில் எல்லோருக்கும் சந்தோஷம். பெரிலை 'பிம்பத்தின் தோழி' என்று நியமித்தார்கள். சனிக்கிழமைகளில் கடை வாசலில் பழங்காலத் தொப்பி போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார வேண்டும். சம்பளம் இல்லை, ஒரு கோப்பை டீ உண்டு. இலையுதிர் காலத்தில் அசல் ஓவியத்தைத் திறந்துவைக்கும் விழா வருகிறது, அதற்கு முன்வரிசையில் இடம் தருவோம் என்றார் இயக்குநர். அதற்காகத்தான் பெரில் ஒத்துக்கொண்டார். தொப்பி கழுத்தை அரித்தது.

வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைதான் இவர் என்று சாண்ட்ரா எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். உடனே அவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், பெரிலைப் பார்ப்பார்கள், முகம் சுருங்கிப்போகும். மூன்றாவது சனிக்கிழமை பிலிப்பா தயங்கித் தயங்கி வந்தார்.

"மிஸஸ் ஹாவர்த், தப்பா எடுத்துக்காதீங்க. சில பேர் புகார் சொல்லியிருக்காங்க."

"என்னன்னு?"

"நீங்க வயசானவங்களா இருக்கீங்கன்னு. 'சருமம் என்றும் இளமை'ன்னு டப்பாவுல போட்டிருக்கோம். பக்கத்துலயே நீங்க உக்காந்திருக்கும்போது ஜனங்க கொஞ்சம் குழம்பறாங்க. நாற்காலியைத் தூணுக்குப் பின்னாடி போட்டுட்டா?"

"தூணுக்குப் பின்னாடி உக்காந்தா யாரு பாப்பாங்க?"

"அதான், யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் பிலிப்பா, நிம்மதியாக.

தூணுக்குப் பின்னாலும் சிலர் வந்தார்கள். அவர்களிடம் பெரில் கீத்தைப் பற்றிச் சொன்னார். குழம்புப்பொடியைப் பற்றிச் சொன்னார், குளத்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் குளத்துக்கு இப்போது 'அமைதித் தடாகம்' என்று பெயர். கரையில் மரத்தளம் போட்டு, குடை விரித்து, ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் விற்கிறார்கள். கதை கேட்ட ஒரு குடும்பம் அங்கே போய், வாங்கிய ஸ்கோனைத் தின்னாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது.

இதற்கு இயக்குநரே இறங்கி வந்தார்.

"மிஸஸ் ஹாவர்த், உங்க நினைவுகள் விலை மதிப்பில்லாதவை. அதனாலதான் அதை நீங்க கொஞ்சம் பாத்துச் செலவு பண்ணணும். வர்றவங்க ஒரு நல்ல பொழுதுக்காக வர்றாங்க. குழந்தை முழுகினதெல்லாம்... அது உங்க சொந்த வரலாறு. இங்க நாம வச்சிருக்கறது பொது வரலாறு."

"அவன் முழுகினது உங்க குளத்துலங்க."

"அப்போ அது எங்க குளம் இல்ல. இப்போதான் எங்க குளம். இப்போ அதுல யாரும் முழுகறதில்ல, பாருங்க."

பெரில் தொப்பியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

விழா பழைய கொதிகலன் கூடத்தில் நடந்தது. மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்தார். தட்டு அச்சடிப்பவர், டப்பா செய்பவர், கழிப்பறை மூடிக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். சுவரில் வெல்வெட் திரைக்குப் பின்னால் ஓவியம். ஓரமாக மேசையில் பானங்கள். பரிமாறியவர்கள் எல்லோரும் ஐந்து வயதுப் பெரில் அச்சடித்த ஏப்ரன் கட்டியிருந்தார்கள். நிஜப் பெரில் கழுவி இஸ்திரி போட்ட நீலக் கவுனில், முன்வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தார். முன்வரிசையிலும் ஒரு தூணைக் கண்டுபிடித்திருந்தார் பிலிப்பா.

இயக்குநர் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நண்பர்களே, இந்த இடத்துல நூறு வருஷம் சோப்பு செஞ்சாங்க, கடைசியில நஷ்டம். நாம ஒரு கட்டிகூடச் செய்யல, லாபம்! ஏன்? சோப்பு கரைஞ்சு போகும். விளம்பரம் கரையாது. அந்தக் காலத்துல இங்க ஒரே சத்தம், நாத்தம், ஆவி. ஆயிரம் பேர் குறுக்கும் நெடுக்குமா நடந்துட்டு இருப்பாங்க. தொழிலாளிகள் போனதுக்கப்புறம்தான் இந்தத் தொழிற்சாலை தன்னோட முழு அழகை அடைஞ்சிருக்குன்னு நான் துணிஞ்சு சொல்வேன். சோப்பு முகத்தைத்தான் கழுவும். நாம வரலாற்றையே கழுவியிருக்கோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேயர் கயிற்றை இழுத்தார்.

ஓவியம் தெரிந்தது. வெள்ளைக் கவுன், நீல ரிப்பன், காது. விரல்கள் இருந்த தோளோரத்தை மூடிக்கொண்டு சட்டகம் தொடங்கியது. தட்டு எப்படியோ ஓவியமும் அப்படியே.

பெரில் எழுந்து தூணைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். கூட்டம் தோழிக்கு வழிவிட்டது. மேயர் கைகொடுக்க முன்வந்தார். பெரில் அவரைக் கவனிக்கவில்லை.

"மீதி எங்க?" என்றார்.

"எது மீதி, மிஸஸ் ஹாவர்த்?" இயக்குநர் புன்னகையை விடாமல் கேட்டார்.

"இது இன்னும் அகலமா இருக்கும். எனக்கு இந்தப் பக்கம் இன்னொரு ஆள் நிப்பான். வெட்டிட்டீங்களா?"

இதற்குப் பிலிப்பா முந்திக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தது. "வெட்டறதா? அசலை வெட்டறது காட்டுமிராண்டித்தனம், மிஸஸ் ஹாவர்த். நாங்க சர்வதேச விதிப்படி நடக்கறவங்க. மடிச்சிருக்கோம். அசல் தட்டு மாதிரி இல்லேன்னா தட்டு வாங்கினவங்க ஏமாந்துட்டதா நெனைக்க மாட்டாங்களா? அதனால ரொம்ப மரியாதையா, பின்பக்கமா மடிச்சு, ஆணி வச்சிருக்கோம்."

கொதிக்கிற குழம்புச் சட்டிகளைக் காலமெல்லாம் தூக்கிய கைகள் பெரிலுடையவை. அவர் இரண்டு பக்கமும் பிடித்து ஓவியத்தைக் கொக்கியிலிருந்து தூக்கி எடுத்தார். யாரோ ஒரு பெண்மணி வீறிட்டார். பெரில் அதைப் பான மேசைக்குக் கொண்டுபோய், கோப்பைகளை முழங்கையால் ஒதுக்கி, முன்பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

சட்டத்தின் பின்னால் மடிந்த துண்டில் கீத் நின்றான். உடம்பெல்லாம் பழுப்பு. முழங்காலில் ஓர் ஆணி, தலைமுடிக்கு மேலே ஓர் ஆணி. கண் இடுங்கியிருந்தது. நாக்கு முழு நீளத்துக்கு வெளியே வந்து, மோவாயில் ஒட்டிய குழம்பைத் தேடிக்கொண்டிருந்தது. மேயரையும் மூடிக்காரரையும் கூடத்திலிருந்த அத்தனை பேரையும் பார்த்து அவன் நாக்கை நீட்டினான்.

முதலில் சிரித்தது சாண்ட்ராதான். பிறகு பின்வரிசையில் இருந்த நாங்களும்.

பெரில் சிரிக்கவில்லை. குனிந்து, மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அவனுக்கும் அதே காது" என்றார். "இத மறந்தே போயிட்டேன் பாரு, சாண்ட்ரா. அவனுக்கும் அதே காது."

"தொடாதீங்க!" என்று கத்தினார் இயக்குநர். "வியர்வை! அமிலம்!"

சாண்ட்ராவின் மச்சான் அதற்குள் படம் எடுத்துவிட்டார்.

நடந்ததை 'திட்டமிடப்படாத பொதுமக்கள் பங்கேற்பு' என்று அறக்கட்டளை அறிக்கை விட்டது. பெரிலிடமிருந்து தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடைக்குள் அவர் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓவியம் அதிர்ச்சியிலிருந்து தேற வேண்டும் என்று இருட்டறைக்குத் திரும்பப் போயிற்று, மடித்தது மடித்தபடியே.

ஆனால் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க கீத்தின் முகம் வந்திருந்தது. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த நாக்கு நீட்டுகிற பையன் எங்கே என்று கேட்டார்கள். அறக்கட்டளை ஒரு கூட்டம் போட்டது. பையனை மறைத்தது தவறு என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அவனுக்கு உரிய இடத்தைத் தருவதென்று முடிவாயிற்று. சாப்பிடுகிற பொருள்களில் அழுக்குப் பையன் கூடாது. படுக்கையறைக்கும் ஆகாது. நீண்ட விவாதத்துக்குப் பின் பிலிப்பாதான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். முரட்டுத் தென்னைநாரில், நாலு நிறத்தில், கால்மிதி. கீத்தின் முகம், நாக்கோடு. கீழே: அழுக்கை வெளியே விடுங்கள்.

வந்த வேகத்தில் விற்றது. ஊரில் பாதி வாசல்களில் கீத் கிடந்தான்.

பெரில் கடை வாசலுக்குப் போனார், படியேறாமல் நின்றார். சாண்ட்ரா ஒரு கால்மிதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"இந்த வேலையே எனக்கு வேணாம் பெரில். ரெண்டு காசுக்கு இவனுங்க..."

"வேலையை விட்டுடாத. அவங்க என்ன பண்றாங்கன்னு யாராவது உள்ள இருந்து பாக்கணும்ல?"

"பையில போட்டுத் தரவா?"

"வேணாம். தூக்கிட்டே போறேன்."

தூக்கிக்கொண்டே போனார். கடைத்தெரு வழியாக, முகம் வெளியே தெரிய, இடுப்பில் அணைத்தபடி. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மீன்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டு முன்னறையில் கணப்பு அடுப்புக்கு மேலே, சுவரில், நாலு பெரிய ஆணி அடித்து அவனை மாட்டினார். ஆணிச் சத்தம் அறக்கட்டளைக்கு எட்டியது.

மறுவாரம் நல்ல மழையில் பிலிப்பா வந்தார். அமைதித் தடாகத்தின் பக்கமாகக் குறுக்கே வந்திருந்ததால் கணுக்கால்வரை சேறு. பெரில் கதவைத் திறந்தார். பிலிப்பா பழக்கத்தில் காலைத் துடைக்கக் கீழே பார்த்தார். வெறும் கல்தான் இருந்தது.

"கால்மிதி இல்லையா?"

"இருக்கு. உள்ள இருக்கான்."

பிலிப்பா எட்டிப் பார்த்தார். சுவரிலிருந்து கீத் நாக்கை நீட்டினான்.

"மிஸஸ் ஹாவர்த், அது சுவர்ல மாட்டற பொருள் இல்ல. தரைக்குன்னே வடிவமைச்சது. அதோட ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி அனுமதி..."

"மழையில ஏம்மா நிக்கற? அப்படியே உள்ள வா. இந்த வீட்டுல அழுக்கை வெளிய விடறதில்ல."

பிலிப்பா தன் பூட்ஸைப் பார்த்தார், பெரிலின் தரையைப் பார்த்தார். துடைக்காத காலோடு ஒரு பாரம்பரிய வீட்டுக்குள் நுழைய அவரால் முடியவில்லை. அதற்கும் விதி இருந்தது. படியிலேயே நின்று, போனை வெளியே எடுத்து, சுவர்கள், ஆணிகள், பொருள்களின் உரிய பயன்பாடு பற்றிய விதிகளை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். மழை அவர் கழுத்துக்குள் இறங்கியது.

பெரில் அடுப்படிக்குப் போய் டீ போட்டார். கதவை மட்டும் சாத்தவில்லை. விதிகளைக் கேட்கவேண்டும் என்று இல்லை. அண்ணன் வேடிக்கை பார்க்கட்டும் என்றுதான்.